கடல்கொண்ட நிலத்தின் கதைகளை வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் அறிபுனைகதைகளையும் வரலாற்றுப் புனைவுகளையும் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கடல்கொண்ட தென்னிலத்தைக் களமாகக் கொண்ட ஒரு நாவலை ஐந்து ஆண்டுகளாக எழுதிவருகிறேன். அதன் முதல் பகுதியைப் படித்துப் பாராட்டிய பதிப்பாளர் ஒருவர், பின்னட்டையில் ‘அறிவியல் உறுதிசெய்த குமரிக்கண்டத்தின் கதை’ என்று அச்சிட விரும்பினார். அறிவியல் அப்படி எதையும் உறுதிசெய்யவில்லை என்று நான் சொன்னபோது, அந்த வரி இல்லாமல் இத்தகைய நூலை விற்க முடியாது என்றார். பேச்சு அத்துடன் நின்றது. அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒற்றை வரி வாசகருக்கும் கதைக்கும் செய்யும் கேட்டைப் பற்றி உங்கள் அனைவரிடமும் பேச வேண்டும் என்று அன்றே தோன்றியது.

லெமூரியா என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் வாழும் லெமூர்களுக்கு உறவான விலங்குகள் இந்தியாவிலும் காணப்படுவதற்கு விளக்கம் தேடி, இடையிலிருந்த ஒரு கண்டம் மறைந்திருக்க வேண்டும் என்று கருதி, அதற்கு இந்தப் பெயரை இட்டார். அந்த உறவு விலங்கு நமக்கு அயலானதன்று. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022இல் தமிழ்நாடு அரசு சரணாலயம் அறிவித்த கடவூர்க் காடுகளில், இரவில் பெரிய கண்களை விழித்துக்கொண்டு கிளைகளில் மெல்ல நகரும் நம் தேவாங்கும் அந்தக் குடும்ப வரிசையைச் சேர்ந்ததுதான். கண்டங்கள் இடம்பெயரா, எழவும் அமிழவும் மட்டுமே செய்யும் என்று அறிஞர் பலர் நம்பிய காலத்தில் ஸ்கிளேட்டரின் கருத்து நேர்மையான அறிவியல் ஊகமே. பிறகு ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் மனித இனத்தின் தொட்டிலையே அங்கே வைத்தார். 1888இல் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் அதை மறைஞானக் கற்பனைகளின் உலகத்துக்குக் கொண்டுபோனார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தமிழறிஞர் சிலர், பழைய நூல்களிலுள்ள கடல்கோள் செய்தியை இந்தக் கண்டத்தோடு பொருத்தினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தம் காலத்துப் பாடநூல்களில் இருந்த அறிவியலை அவர்கள் பயன்படுத்தினார்கள். நாம் நம் காலத்து அறிவியலை விட்டுவிட்டு இன்னும் அவர்கள் காலத்து அறிவியலையே பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

1912இல் ஆல்ஃபிரட் வேகனர் முன்வைத்த கண்டப்பெயர்ச்சிக் கருத்தும், 1960களில் நிலைபெற்ற நிலத்தட்டுக் கோட்பாடும், மூழ்கிய கண்டத்துக்கான தேவையையே நீக்கிவிட்டன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தவை. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. நம் மனித இனம் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. மொரீசியஸ் தீவின் எரிமலைப் பாறைகளில் 300 கோடி ஆண்டு பழைமையான சிர்கான் படிகங்கள் கிடைத்ததாக 2017இல் செய்தி வந்தபோது, ‘லெமூரியா கிடைத்துவிட்டது’ என்று பலர் மகிழ்ந்தனர். எரிமலைக் குழம்புக்கு அடியில் புதைந்த அந்தக் கண்டத்துண்டு, மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே சிதறிப்போனது. அங்கே எந்தப் பாண்டியனும் முத்துக்குளித்திருக்க முடியாது.

நம் நூல்கள் சொல்வதையும் அவை சொல்லும் அளவிலேயே கேட்க வேண்டும். புறநானூற்றின் 9ஆம் பாடலில் நெட்டிமையார், முதுகுடுமிப் பெருவழுதியை ‘நன்னீர்ப் பஃறுளி மணலினும் பலவே’ ஆண்டுகள் வாழ்க என்று வாழ்த்துகிறார். ஆறு கடலுள் போனதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. கலித்தொகையின் 104ஆம் பாடல் ‘மலிதிரை ஊர்ந்து தன் மண் கடல் வௌவலின்’ என்று ஒரு பாண்டியன் நிலம் இழந்ததையும், அதற்கு ஈடாகப் பகைவர் நாட்டைக் கைப்பற்றியதையும் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில்தான் ‘பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள’ என்ற வரி வருகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து உரையெழுதிய அடியார்க்குநல்லாரிடத்தில் அந்த நிலம் 700 காவதத் தொலைவாகவும் ஏழேழாக அடுக்கிய 49 நாடுகளாகவும் விரிகிறது. இறையனார் களவியல் உரையில் முச்சங்கங்களுக்குச் சொல்லப்படும் 4440, 3700, 1850 ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்; மூன்றுமே 37இன் மடங்குகள். இத்தகைய எண்களை ஆண்டுக்கணக்காகக் கொள்வது உரைகாரரின் கைத்திறனையே அவமதிப்பதாகும். ஒரு சிறு நினைவு, தலைமுறை தலைமுறையாகச் சொல்லச் சொல்ல எப்படி வளர்கிறது என்பதை இந்த நூல்வரிசையைப் போல் காட்டும் சான்று வேறு மொழிகளில் அரிது. புனைகதை எழுதுபவனுக்கு இதைவிடப் பெரிய செல்வம் என்ன வேண்டும்?

இனி, கடல் உண்மையில் செய்ததைச் சொல்கிறேன். என் ஐந்து ஆண்டுகளில் பெரும்பகுதி இதிலேயே கழிந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி இன்று 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அன்று அது காய்ந்த தரை. இலங்கை தனித்தீவாக இருக்கவில்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே, குமரி மாவட்ட மீனவர்கள் வளமான மீன்பிடிக் களமாக அறிந்திருக்கும் வாட்ஜ் பேங்க் மேட்டில் பெரும்பகுதி காற்றிலும் வெயிலிலும் கிடந்திருக்கும். ஆகவே குமரிக்குத் தெற்கே நிலம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்பதே விடை. அது மடகாஸ்கர்வரை நீண்ட கண்டமாக இருக்கவில்லை. நம் கரையை ஒட்டி நீண்ட ஒரு தாழ்நிலமாக இருந்தது.

அந்த நிலம் ஒரே இரவில் மூழ்கவில்லை. பனி உருகிய காலம் முழுவதும் கடல் ஒரே வேகத்தில் ஏறவும் இல்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐந்நூறு ஆண்டுக்குள் கடல்மட்டம் ஏறத்தாழ 20 மீட்டர் உயர்ந்தது. ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எண் சிறியதாகத் தெரியும். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே சரியும் தட்டையான கரையில், நான்கு சென்டிமீட்டர் ஏற்றம் என்பது கடல் ஆண்டுதோறும் நாற்பது மீட்டர் உள்ளே வருவதாகும். பத்து வயதில் ஒரு பெண் நண்டு பிடித்த கரை, அவள் எழுபது வயதுப் பாட்டியாகும்போது இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவில் கடலுக்கடியில் இருக்கும். அவள் தன் பேரனிடம் கடலைச் சுட்டிக்காட்டி, ‘என் தாயைப் புதைத்த இடம் அதோ அந்த அலைக்கு அப்பால்’ என்று சொல்லலாம். கணக்குப் போட்டு இந்த இடத்துக்கு வந்த நாளில்தான் என் நாவலின் மையம் எனக்குக் கிடைத்தது. கோபுரங்கள் சரியும் பேரழிவுக் காட்சிகள் நிறைந்த நூறு பக்கங்களை அன்றே நீக்கினேன்.

அங்கே வாழ்ந்திருக்கக்கூடியவர்கள் யார் என்பதற்கும் தடயங்கள் உண்டு. நான் வளர்ந்தது தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டின் ஓரத்தில். அந்தச் செம்மணலில் குவார்ட்சிலும் செர்ட்டிலும் செதுக்கிய நகத்தளவு நுண்கற்கருவிகள் கிடைப்பதை 1956இலேயே தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இலங்கையின் பாகியன் குகையில், சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன் மழைக்காட்டுக் குரங்குகளை வேட்டையாடியவர்களின் எலும்பு அம்புமுனைகள் கிடைத்திருக்கின்றன. பனியூழிக் கரையில் பாடல் இருந்திருக்கும், படகும் இருந்திருக்கலாம்; மாடமாளிகையும் எழுத்தோலையும் இருந்ததற்குச் சான்று இல்லை. நம் நகரங்களுக்கான சான்று கீழடியிலும் கொற்கையிலும் இருக்கிறது. அவற்றுள் கொற்கை நேர்மாறான கதையைச் சொல்கிறது: தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் விலகிப்போய், பழைய துறைமுகம் இன்று கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. கடல்கோளைப் பற்றி நூறு கதைகள் வந்திருக்க, கடல் கைவிட்ட ஊரைப் பற்றிக் கதைகள் ஏன் இத்தனை அரிதாக இருக்கின்றன?

பத்தாயிரம் ஆண்டு நினைவு வாய்மொழியில் தங்குமா என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்திரேலியத் தொல்குடிகள் 21 கடலோர இடங்களில் சொல்லும் கதைகள், 7,000 ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற கடலேற்றத்தை நினைவில் வைத்திருக்கின்றன என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். மாறாக, நம் நூல்களிலுள்ள கடல்கோள், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலையோ 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையையோ ஒத்த, காலத்தால் மிக அண்மையான ஒரு பேரிடரின் நினைவாகவும் இருக்கலாம். ஐரோப்பாவின் வடகடலில் 1931இல் ஒரு மீன்பிடிப் படகின் வலையில் வந்த கரிமண் கட்டிக்குள் முட்கள் செதுக்கிய மான்கொம்பு ஈட்டிமுனை இருந்தது. டாகர்லாந்து என்ற மூழ்கிய நிலத்தைப் பற்றிய ஆய்வு அதன்பின் வேகம் பெற்றது. நம் வலைகளில் அப்படி ஒன்று வருமா என்பதை யாரும் இன்றே உறுதி சொல்ல முடியாது. எந்த வாய்ப்பைத் தேர்ந்தாலும் எழுத்தாளருக்கு உரிமை உண்டு. தேர்ந்தது இன்னது என்று வாசகரிடம் சொல்லும் கடமையும் உண்டு.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவுக்குரியவை அல்ல. புனைகதையின் அட்டையில் ‘நிரூபிக்கப்பட்ட உண்மை’ என்ற சொல்லை அச்சிடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் அதை வரலாறாகவே எடுத்துக்கொள்கிறார்கள், பின்பு கீழடி அகழாய்வின் மெய்யான முடிவுகள் அவர்களுக்குச் சிறியனவாகத் தெரிகின்றன. இந்தியப் பெருங்கடலை நிரப்பி வரைந்த அந்தப் பழைய வரைபடத்துக்குப் பதிலாக, 120 மீட்டர் ஆழக் கோட்டைக் கரையாக வைத்து ஒரு புதிய வரைபடம் வரையச் சொல்லுங்கள். கடலடி ஆழ விவரங்கள் பொதுவில் கிடைக்கின்றன. கையெழுத்துப்படியைச் செப்பனிட ஒருவருக்கு ஊதியம் தருவதுபோல, நிலவியலோ தொல்லியலோ அறிந்த ஒருவர் அதைப் படித்துப் பிழை சொல்வதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள்.

என் நாவல் இந்தத் தை மாதத்துக்குள் முடிந்துவிடும். அதன் இறுதியில் எட்டுப் பக்கங்கள் இருக்கும். எந்த வரி சிலப்பதிகாரத்திலிருந்து வந்தது, எந்த எண் கடலியலிலிருந்து வந்தது, எந்தப் பெண்ணை நான் முழுக்க முழுக்கக் கற்பனையில் உருவாக்கினேன் என்று அவற்றில் எழுதியிருக்கிறேன். உங்களுள் எவரேனும் இந்நூலை வெளியிட முன்வந்தால், அந்த எட்டுப் பக்கங்களையும் கதையின் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும் என்பது ஒன்றே என் நிபந்தனை.

அன்புடன்,
தேரிக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு நாவலாசிரியர்