கருப்புத் துண்டு

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது நான் பட்டென்று பேச்சை முடித்துவிட்டேன். "சரி, அப்புறம் பார்ப்போம்" என்று நான் சொன்ன தொனியிலேயே உனக்கு விஷயம் புரிந்திருக்கும். போனை வைத்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "பிள்ளை ஆசையாய் ஒரு படம் அனுப்பினால் இப்படியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படத்தில் இரண்டு வட்டங்கள். ஒன்று 2000ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் உற்பத்தியான மின்சாரம், இன்னொன்று 2024இல் உற்பத்தியானது. இரண்டிலும் கருப்பு வண்ணம் நிலக்கரிக்கு. முதல் வட்டத்தில் ஏறத்தாழ 38 சதவீதம், இரண்டாவதில் 34 சொச்சம். அதற்குக் கீழே, "பாத்தீங்களாப்பா, உங்க நிலக்கரி இளைச்சுக்கிட்டே போகுது" என்று எழுதி ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தாய்.

முப்பது வருஷம் அனல்மின் நிலையத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது என நீ நினைத்திருக்கலாம். அது இல்லையம்மா. நிலக்கரி போய்த் தொலைந்தால் முதலில் நிம்மதியாக மூச்சு விடுகிறவன் நானாகத்தான் இருப்பேன். என் கோபமெல்லாம் படம் வரைந்தவர் மேல். இரண்டு வட்டங்களையும் ஒரே அளவில் வரைந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் உன் பழைய காம்பஸைத் தேடி எடுத்தேன். 2000இல் உலக மின் உற்பத்தி 15,000 டெராவாட் மணியைச் சற்றே தாண்டியிருந்தது. 2024இல் அது ஏறத்தாழ 31,000. (ஒரு டெராவாட் மணி என்றால் 100 கோடி யூனிட், அதாவது வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்.) இரண்டு மடங்கு மின்சாரத்துக்கு இரண்டு மடங்கு பரப்பு வேண்டும் அல்லவா? அதனால் 2000க்கு 7 சென்டிமீட்டர் குறுக்களவிலும், 2024க்கு 10 சென்டிமீட்டரிலும் அட்டையில் வட்டம் போட்டேன். இரண்டிலும் நிலக்கரியின் பங்கைக் கோணமானியால் அளந்து, கருப்பு மை தீட்டி, கத்தரித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

சின்னத் துண்டைப் பெரிய துண்டின் மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று பக்கமும் கருப்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பரப்பில் ஏறத்தாழ இரட்டிப்பு. கணக்கும் அதையே சொல்கிறது: 2000இல் நிலக்கரியில் வந்தது சுமார் 5,700 டெராவாட் மணி, 2024இல் சுமார் 10,600. நீ இளைத்துப் போனதாகச் சொன்ன அந்த வருஷத்தில்தான், அதுவரை எந்த வருஷத்திலும் இல்லாத அளவுக்கு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். பங்கு குறைந்தது உண்மை, எரித்தது கூடியதும் உண்மை. நிலக்கரியில் ஒரு யூனிட் எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமிலவாயு வெளியே போகிறது. புகைக்கூண்டுக்கு மேலே இருக்கும் வானம் அந்தக் கிலோவைத்தான் எண்ணும், சதவீதத்தை அல்ல.

அந்தக் கிலோ எப்படி இருக்கும் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். நான் கட்டுப்பாட்டு அறை டெஸ்க்கில் உட்கார்ந்து ஓட்டிய யூனிட் 200 மெகாவாட். (எங்கள் ஆட்கள் மீட்டர் யூனிட்டையும் யூனிட் என்பார்கள், ஒரு பாய்லர், ஒரு டர்பைன், ஒரு ஜெனரேட்டர் சேர்ந்த செட்டையும் யூனிட் என்பார்கள். குழப்பிக்கொள்ளாதே.) முழு லோடில் ஓடினால் மணிக்கு 100 டன்னுக்கு மேல் நிலக்கரி போகும். மில்லில் அரைத்து முகப்பவுடர் மாதிரி ஆக்கிக் காற்றோடு ஊதுவோம். பாய்லரின் பக்கவாட்டில் சின்னப் பார்வைத் துவாரம் ஒன்று உண்டு. வெறும் கண்ணால் பார்க்க முடியாது, நீலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். உள்ளே நெருப்புக்கு நாக்கெல்லாம் கிடையாது. நீ நினைக்கிற மாதிரி எரியாது. ஒரு பெரிய அறை முழுக்க வெளிச்சமே திரண்டு நிற்கிற மாதிரி இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு அரை நாள் அதைப் பற்றியே பேசுவார்கள்.

இவ்வளவு செய்தும், எரித்த வெப்பத்தில் மின்சாரமாக மாறுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே. மிச்சமெல்லாம் குளிர்விக்கும் தண்ணீரிலும் புகையிலும் போய்விடும். எரிவாயு நிலையங்களில் வாயு டர்பைனிலிருந்து வரும் சூட்டை வைத்தே இன்னொரு முறை நீராவி எடுத்து 60 சதவீதம் வரை தொடுகிறார்கள். அதனால் ஒரு யூனிட்டுக்கு வெளியேறும் கரியமிலவாயுவும் நிலக்கரியில் பாதிக்குள்தான். குழாயில் கசியும் மீத்தேனையும் சேர்த்தால் அந்தப் பெருமையில் கொஞ்சம் குறையும், அது தனிக் கதை. உன் பெரிய வட்டத்தில் எரிவாயு 22 சதவீதம். எண்ணெய்? 1973இல் உலக மின்சாரத்தில் கால் பங்கு எண்ணெயில் வந்தது. எண்ணெய் நெருக்கடி வந்து விலை ஏறியதும் எல்லாரும் ஓடிவிட்டார்கள். இன்று 3 சதவீதம்கூட இல்லை. மனிதர்களால் ஓர் எரிபொருளைக் கைவிட முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பழைய சாட்சி அது.

புதிய சாட்சி பிரிட்டன். 1882இல் லண்டனில் ஹோல்பர்ன் வயாடக்ட் என்ற இடத்தில் எடிசனின் ஆட்கள் நிலக்கரியில் பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். இந்தத் தொழிலே அப்படித்தான் தொடங்கியது. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் ஆன் சோர் என்ற கடைசி நிலையத்தையும் அந்த நாடு நிறுத்தியது. 142 வருஷம். அதில் கவனிக்க வேண்டியது, 2012இல்கூட அவர்களுடைய மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியில்தான் வந்துகொண்டிருந்தது. இறக்கமெல்லாம் கடைசிப் பன்னிரண்டு வருஷத்தில் நடந்தது. அந்தச் செய்தியை அன்று இரவு நான் இரண்டு முறை படித்தேன். கடைசி ஷிப்ட் பார்த்தவர்கள் டெஸ்க்கை விட்டு எழுந்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அணுமின்சாரத்தையும் வெட்டிப் பார்த்தேன். அது வேடிக்கையாக இருந்தது. படத்தில் 17 சதவீதத்திலிருந்து 9க்கு விழுந்திருக்கிறது, பார்க்கிறவர்கள் பாதி உலைகளை மூடிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். ஆனால் இரண்டு துண்டுகளும் ஏறத்தாழ ஒரே பரப்பு! 2000இல் 2,500 சொச்சம் டெராவாட் மணி, 2024இல் 2,700க்கு மேல். அணுமின்சாரம் நின்ற இடத்திலேயே நின்றது, சுற்றியிருந்த வட்டம்தான் வளர்ந்தது. 1954இல் சோவியத் நாட்டின் ஒப்னின்ஸ்க்கில் வெறும் 5 மெகாவாட்டில் தொடங்கியபோது எல்லாரும் அதை எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பிறகு உலை விபத்துகள்: 1986இல் செர்னோபில், 2011இல் ஃபுகுஷிமா. அதைவிடப் பெரிய தடை, ஒரு நிலையத்தைக் கட்டி முடிக்க ஆகும் காலமும் கடனும். ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளையும் 2023 ஏப்ரல் 15 அன்று மூடியது, நிலக்கரி நிலையங்களை ஓடவிட்டுக்கொண்டே. நீ ஒப்புக்கொள்ள மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன்: வரிசையை மாற்றிப் போட்டிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த உலை கடைசியில் போயிருக்கலாம்.

நீர்மின்சாரம் 14 சதவீதம். புதுப்பிக்கத்தக்கவற்றில் இன்றைக்கும் அதுதான் பெரியண்ணன். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணை ஒன்றே 22,500 மெகாவாட், என் யூனிட்டைப் போல நூற்றுக்கு மேல். ஆனால் நல்ல ஆறுகளில் பலவற்றை ஏற்கெனவே கட்டிவிட்டார்கள், மழை பொய்த்தால் அணையும் பொய்க்கும். அதனால் அங்கிருந்து பெரிய பாய்ச்சலை நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து உன் ஆட்கள். சின்ன வட்டத்தில் காற்றாலையை வெட்ட முடியவில்லை. 31 டெராவாட் மணிக்குக் கத்தரி நுழையாது, பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். சூரிய மின்சாரம் அப்போது ஒரே ஒரு டெராவாட் மணி. கோட்டுக்குக்கூட வழியில்லை. பெரிய வட்டத்தில் இரண்டும் சேர்ந்து 15 சதவீதம், சூரியன் மட்டும் 2,000 டெராவாட் மணியைத் தாண்டிவிட்டது, அதுவும் மூன்றே வருஷத்தில் இரட்டித்து. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சோலார் என்றால் கால்குலேட்டரில் இருக்கும் பட்டைதான். என் தொழில் வாழ்க்கையில் நான் மிக மோசமாகத் தவறிய ஊகம் இதுதான்.

ஆனால் இங்கேயும் ஒரு எண் ஏமாற்றும். "நிறுவு திறன்" என்று, அதாவது முழு வேகத்தில் எவ்வளவு கொடுக்க முடியும் என்று, செய்தியில் வருவதைப் பார்த்து மயங்காதே. 2024 முடிவில் உலகத்தில் நிறுவியிருந்த சூரியத் தகடுகளின் திறன், அணு உலைகளின் மொத்தத் திறனைப் போல ஏறத்தாழ 5 மடங்கு. அந்த வருஷம் கொடுத்த மின்சாரத்தில் அணுதான் முன்னால். உலை இரவு பகலாக ஓடும், தகடு மாலையானால் தூங்கிவிடும். எத்தனை மெகாவாட் என்று யாராவது சொன்னால், எத்தனை யூனிட் வந்தது என்று திருப்பிக் கேள்.

"அப்படியானால் சூரியனை நம்ப முடியாது, நிலக்கரிதான் நம்பிக்கையானது" என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு நான் ஒரு ராத்திரியை நினைவுபடுத்துவேன். பாய்லர் பக்கம் போன பையன் ஓடிவந்து, சீறுகிற சத்தம் கேட்கிறது என்றான். டியூப் லீக். மாலை லோடு உச்சத்தில் இருந்தது. மேலே கேட்டால், உச்சம் இறங்கும்வரை இழுத்துப் பிடி என்று உத்தரவு. இழுத்துப் பிடித்தோம். ஓட்டை விழுந்த ஒரு குழாயிலிருந்து வந்த நீராவி, பக்கத்துக் குழாய்களைக் கத்தி மாதிரி அறுத்தது. ஒன்பதரைக்கு யூனிட் டிரிப், தானாகவே நின்றுவிட்டது. 200 மெகாவாட், ஒரே நொடியில், சொல்லாமல் கொள்ளாமல். மின்சாரம் போதாவிட்டால் இறங்கும் ஃப்ரீக்வன்சி முள் 50க்குக் கீழே நழுவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். இரண்டு நாளில் முடிந்திருக்கக்கூடிய வேலை, பத்து நாள் ஆனது. சூரியன் மறைகிற நேரமாவது நாட்காட்டியில் அச்சடித்து வருகிறது.

அந்த மாலை நேரம்தான் இப்போது முடிச்சு. நடுப்பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, விளக்கு வைக்கும் நேரத்தில் தேடுகிறது. அதற்குப் பேட்டரி ஈடுகொடுக்குமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. 2024 ஏப்ரலில் ஒரு மாலை, கலிஃபோர்னியா மின்கட்டமைப்பில் கொஞ்ச நேரம் வேறெந்த மூலத்தையும்விடப் பேட்டரிகளே அதிக மின்சாரம் கொடுத்தன. பகல் வெயிலை எடுத்துவைத்து இரவில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சந்தேகத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்திருக்கிறேன்.

இப்போது உன் பக்கத்துக்கு வருகிறேன். 2024 வரை நடந்தது என்ன என்றால், புதிய மின்சாரம் பழையதன்மேல் அடுக்காக ஏறியது, பழையதை அசைக்கவில்லை. தேவை அதைவிட வேகமாகப் பெருகியது, ஏசி, மின்சார வண்டி, டேட்டா சென்டர் என்று. 2025இன் முதல் ஆறு மாதத்தில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. உலகத்தின் தேவை எவ்வளவு கூடியதோ, சூரியனும் காற்றும் சேர்ந்து அதைவிட அதிகமாகக் கொடுத்தன. நிலக்கரியில் எடுத்தது சற்றே இறங்கியது. சதவீதத்தில் அல்ல, யூனிட்டிலேயே. புதுப்பிக்கத்தக்கவை எல்லாம் சேர்ந்து நிலக்கரியை முந்தியதும் அந்த ஆறு மாதத்தில்தான். இறக்கம் மிகச் சிறியது, ஆறு மாதத்தை வைத்து ஆடக் கூடாது. ஆனாலும் நீ எனக்கு அனுப்பியிருக்க வேண்டிய படம் அதுதானம்மா. அதை அனுப்பியிருந்தால் நானே திருப்பி ஒரு சிரிப்பு முகம் போட்டிருப்பேன்.

பட்டென்று பேசியதற்கு மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, இந்தத் தடவை நான் முதலில் வைக்க மாட்டேன்.

இரண்டு வட்டங்களையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். கருப்புத் துண்டுகளை ஒட்டவில்லை, சும்மா செருகித்தான் இருக்கின்றன. உறையைப் பிரிக்கும்போது பார்த்துப் பிரி, சின்னது கீழே விழுந்துவிடும்.

அன்புடன்,
அப்பா