படிப்பகக் கணினி அறை: இயங்குதளத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிக்குழுவின் வணக்கம்.

சென்ற பொதுக்குழு ஒப்படைத்த வேலை முடிந்தது. படிப்பகக் கணினி அறையில் தேறும் கணினிகள் எல்லாம் இப்போது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 24.04 பதிப்பில் ஓடுகின்றன. எந்தக் கணினி எப்போது எந்தப் பதிப்புக்கு மாறும் என்பதை இனி பொதுக்குழுதான் முடிவு செய்யும். திரையில் கேள்வி எழும்போது நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அல்ல.

இதுவரை அப்படித்தான் நடந்தது. நிர்வாகக் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த அறை அது. பெரும்பாலான கணினிகள் 20.04-இலேயே நின்றிருந்தன, அதற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. யாரோ ஆர்வத்தில் அழுத்தியதால் சில கணினிகள் 23.10-க்குப் போயிருந்தன. அது ஒன்பது மாத ஆதரவு மட்டுமே உள்ள இடைக்கால வெளியீடு. 2024 ஜூலையிலேயே காலாவதி ஆனது. அந்தச் சிலவற்றைத் துடைத்துப் புதிதாகவே நிறுவினோம்.

கொள்கை என்று நாம் பெரிதாகப் பேசியது, கடைசியில் ஒரே ஒரு வரி. கணினியின் 'எட்சி' அடைவில் 'அப்டேட்-மேனேஜர்' கோப்புறைக்குள் 'ரிலீஸ்-அப்கிரேட்ஸ்' என்ற சிறு கோப்பு இருக்கிறது. அதில் 'பிராம்ப்ட்' என்று தொடங்கும் வரிக்கு மூன்று மதிப்புகள் உண்டு. 'நெவர்' என்றால் புதிய பதிப்பைப் பற்றிக் கணினி வாயே திறக்காது. 'நார்மல்' என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் எல்லா வெளியீட்டுக்கும் அழைக்கும். 'எல்டிஎஸ்' என்றால் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் நெடுங்கால ஆதரவு வெளியீட்டுக்கு மட்டும், அதுவும் முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகே அழைக்கும். இளைஞர் அணி 'நார்மல்' கேட்டது. புதுமைக்காக மாணவர்களின் விண்ணப்ப நாட்களைப் பணயம் வைக்க முடியாது என்பதால் 'எல்டிஎஸ்' என்றே வைத்தோம்.

ஒவ்வொரு கணினியாகப் போய் இந்த வரியைத் திருத்தவில்லை. மேற்பார்வையாளர் மேசையிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக எல்லாவற்றுக்கும் போய்வரும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல், எழுதினோம். அது முதலில் பதிப்பு எண்ணைப் படிக்கும். அடுத்து வட்டில் இடம் இருக்கிறதா, பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையக் கருக்கள்) குவிந்து, கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் 'பூட்' பகுதி நிரம்பிவிட்டதா என்று பார்க்கும். பிறகு 'பிராம்ப்ட்' வரியை மாற்றிவிட்டு, மாறியதா என்று திரும்பவும் படித்துப் பதிவேட்டில் எழுதும். அன்றாடப் பாதுகாப்புத் திருத்தங்கள் வேறு கணக்கு: அவற்றை 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' தானாகவே நிறுவும்; அதை எங்கும் நிறுத்தவில்லை.

பதிப்பு மாற்றத்தை மட்டும் ஆளில்லாமல் ஓட விடவில்லை. அதற்கும் வழி உண்டு. ஆனால் நாம் கையால் திருத்திய அமைப்புக் கோப்பு குறுக்கிடும்போது, பழையதை வைப்பதா புதியதை ஏற்பதா என்று பதிப்பை மாற்றும் கருவியான 'டூ-ரிலீஸ்-அப்கிரேடு' கேட்கும். அச்சுப்பொறி அமைப்பு தொடர்பான அந்தக் கேள்விக்கு ஒரு மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து. 20.04-இலிருந்து நேரே 24.04-க்குத் தாவ முடியாது, 22.04-இல் இறங்கி ஏற வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் இரண்டு முறை செய்தோம், யூபிஎஸ் இணைப்போடு, விடுமுறை நாட்களில். தொலைவிலிருந்து செய்யும்போது நடுவில் இணைப்பு அறுந்தால் திரும்ப நுழைவதற்கு அந்தக் கருவி 1022-ஆம் போர்ட்டில் இன்னொரு வாசலைத் திறந்து வைக்கிறது. ஒருமுறை அது கைகொடுத்தது.

மேம்படுத்தும்போது வெளியார் மென்பொருள் களஞ்சியங்கள் முடக்கப்படும். அச்சுப்பொறி நிறுவனத்தின் களஞ்சியமும் அதில் அடங்கும். அச்சு வரவில்லை என்று முதல் வாரம் வந்த புகார்களுக்குக் காரணம் அதுதான். இப்போது சரியாகிவிட்டது. தமிழ்99 விசைப்பலகையை ஒவ்வொரு கணினியிலும் தட்டிப் பார்த்தே ஒப்படைத்தோம்.

நினைவகம் குறைந்த பழைய கணினிகளை 24.04-க்கு ஏற்றவில்லை. அவற்றில் 'நெவர்' என்று எழுதி, இணையத்தைத் துண்டித்து, தட்டச்சுப் பயிற்சிக்கு ஒதுக்கியிருக்கிறோம். அவற்றில் பென்டிரைவ் செருக வேண்டாம்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கடவுச்சொல் இனி செயலாளரிடமும் நூலகரிடமும் மட்டும். ஸ்கிரிப்டின் அச்சுப்படி, ஒவ்வொரு வரிக்கும் தமிழ் விளக்கத்தோடு, அலுவலக அலமாரியில் உள்ளது. 26.04-க்கு மாறுவதா என்பதை அதன் முதல் திருத்தப் பதிப்பு வெளிவந்த பின் கூடும் பொதுக்குழுவில் வைப்போம். அந்தத் திருத்தப் பதிப்பு வரும்வரை எந்தத் திரையிலும் அந்தக் கேள்வி எழாது. எழுந்தால் அழுத்தாமல் நூலகரை அழையுங்கள்.

இப்படிக்கு,
பணிக்குழுவினர்