கருவியை எழுப்பியது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி. தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்த்து எஸ்எம்எஸ் அனுப்பும் கருவியை மாணவர்கள் செய்திருக்கிறார்கள். ஒரே பேட்டரியில் ஒரு வருடம் ஓடுமாம். சந்தோஷம். இதே வாக்கை நானும் மூன்று வருடத்துக்கு முன் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரருக்குக் கொடுத்தேன். ஐந்து வாரம்கூடத் தாங்கவில்லை.

மோட்டார் ஸ்டார்ட்டருக்கு கண்ட்ரோல் போர்டு செய்வது என் தொழில். அந்தக் கருவியில் போட்டது எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப், பசங்க 'ப்ளூ பில்' என்று வாங்கும் அதே நீலப் பலகையில் இருப்பது. பலகையின் பவர் எல்இடியை முதல் வேலையாகப் பிடுங்கிவிட்டேன். சும்மா எரிந்தே பேட்டரியைக் குடித்துவிடும். ஸ்டாண்ட்பை என்ற ஆழ்ந்த தூக்கத்தில் போட்டால் சிப் இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான். மணிக்கு ஒரு தடவை சிப்புக்குள் இருக்கும் கடிகாரத்தின் அலாரத்தில் எழ வேண்டும்; தொட்டி நிரம்பினால் மிதவை சுவிட்ச் எழுப்ப வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

இரண்டு பேட்டரி மாற்றினேன். பேட்டரிக் கடைக்காரரோடு சண்டையும் போட்டாயிற்று. "தம்பி, உங்க மெஷின் தூங்குதா இல்லையா?" என்று தோப்புக்காரர் கேட்டபோதுதான் உறைத்தது, அது எனக்கே தெரியாது.

ஸ்டாண்ட்பையிலிருந்து எழும் இந்தச் சிப்புக்கு முன்கதை எதுவும் நினைவிருக்காது. ராமில் இருந்ததெல்லாம் போயிருக்கும். ரீசெட் அடித்ததுபோல் புரோகிராம் முதலிலிருந்து ஓடும். நடந்ததைச் சொல்ல இருப்பவை ரெஜிஸ்டர் என்ற சிப்பின் குறிப்புப் பெட்டியில் 0 அல்லது 1 என்று நிற்கும் இரண்டு பிட்கள். எஸ்பிஎஃப் 1 என்றால் தூங்கிக்கொண்டிருந்தது. டபிள்யூயூஎஃப் 1 என்றால் வேக்கப் பின்னோ (மிதவை சுவிட்ச் ஒயர் வந்து சேரும் சிப்பின் கால்) அலாரமோ எழுப்பியது. புரோகிராம் தொங்கினால் ரீசெட் அடிக்கும் வாட்ச்டாக் உலுக்கியிருந்தால் அது வேறொரு ரெஜிஸ்டரில் தெரியும். நான் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய புரோகிராமோ, தொடங்கியதுமே இந்த பிட்களை அழித்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தது. சாட்சியை ஊருக்கு அனுப்பிவிட்டு விசாரணை நடத்தியிருக்கிறேன்.

முதலில் படி, அப்புறம் அழி என்று மாற்றினேன். அப்போதும் ஒரு சிக்கல்: பின் எழுப்பினாலும் அலாரம் எழுப்பினாலும் இந்தச் சிப்பில் ஒரே பிட்தான். அதனால் தூங்கப் போகுமுன் அடுத்த அலாரம் நேரத்தை, தூங்கினாலும் அழியாத பேக்கப் ரெஜிஸ்டரில் எழுதி வைத்து, எழுந்ததும் கடிகார எண்ணோடு ஒப்பிட்டேன். நேரம் எட்டியிருந்தால் அலாரம். அதற்கு முன்பே விழித்திருந்தால் பின். அந்த ரெஜிஸ்டர்கள் மொத்தம் 10, ஒவ்வொன்றும் 16 பிட். மிச்சமிருந்தவற்றில் எந்தக் காரணத்துக்கு எத்தனை முறை எழுந்தது, பின் கடைசியாக எழுப்பியது எப்போது என்று கணக்கு வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போய்ப் படித்தால், அலாரம் 150 சொச்சம், பின் 2,300க்கு மேல்! நாளுக்கு இரண்டு தடவை நிரம்பினாலே அதிகம் அந்தத் தொட்டி. கடைசியாக எழுந்த நேரம் மும்முனை மின்சாரம் இருக்கிற நேரம். மேலே ஏறிப் பார்த்தேன். மிதவை ஒயரை மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் இழுத்திருந்தார்கள், அறுபது மீட்டர். மோட்டார் ஓடும்போதெல்லாம் அந்த ஒயரில் ஏறிய மின் இரைச்சல் சிப்பைத் தட்டி எழுப்பி, பேட்டரியைக் கரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னைக் கிரவுண்டுக்கு இழுத்துப் பிடிக்க சிப்புக்குள் இருக்கும் புல்டவுன் ரெசிஸ்டர் அவ்வளவு தூரத்துக்குத் தாங்காது. ஒயரைத் தனியாக இழுத்து, பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 4.7 கே ரெசிஸ்டரும் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் வைத்தேன். செலவு ரெசிஸ்டருக்கும் கப்பாசிட்டருக்கும் ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை, ஒயருக்குத்தான் ஆனது.

எஸ்டிஎம்32எல்4 வகைச் சிப்களில் ஐந்து வேக்கப் பின்னுக்கும் தனித்தனி பிட் உண்டு. ஈஎஸ்பி32 என்ற இன்னொரு சிப்பில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் காரணத்தைச் சொல்லிவிடும். கேட்கத் தெரிய வேண்டுமே! என் பட்டறைக்கு வரும் டிப்ளமோ, பி.இ. பசங்க எல்இடி மினுக்குவார்கள், எல்சிடியில் தங்கள் பெயரை ஓட விடுவார்கள், சிப்பைத் தூங்க வைக்கவும் செய்வார்கள். எழுந்ததும் முதலில் எதைப் படிப்பீர்கள் என்றால் முழிக்கிறார்கள். லேபில் இதற்கென்று ஒரு வகுப்பு ஒதுக்கினால் போதும். பின், அலாரம், வாட்ச்டாக், ரீசெட் பட்டன் என்று நான்கு விதமாக எழுப்பி, எது எழுப்பியது என்று சிப்பையே சொல்ல வைக்கட்டும்.

செய்தியில் வந்த மாணவர்களிடமும் உங்கள் நிருபர் இதைக் கேட்டுச் சொன்னால் நல்லது. அவர்கள் கருவியும் மோட்டார் பக்கத்தில்தான் இருக்கப் போகிறது.

இப்படிக்கு,
ஸ்டார்ட்டர் போர்டு செய்பவன்,
கணபதி, கோவை.