ரப்பர் விமானப் போட்டி: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒரு வாரமாக வீட்டில் ஈர்க்குச்சி, தெர்மாகோல், ரப்பர் பேண்ட் எல்லாம் தரையில் பரந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்கு நம் மதிய உணவுக் கூடத்தில் ரப்பர் விமானப் போட்டி; முறுக்கிய ரப்பர் மூக்கிலுள்ள விசிறியைச் சுழற்ற, அதனால் பறக்கும் சிறு விமானங்கள் இவை. நீங்களும் வரலாம். ஆனால் அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: விமானத்தை நீங்கள் செய்து கொடுத்துவிடாதீர்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு வந்த விமானங்களில் மிக அழகானது வார்னிஷ் பூசி, ஜன்னலெல்லாம் வரைந்து, கடைச் சரக்கு போலவே இருந்தது. கொண்டுவந்த பையனுக்கு ரப்பரை எந்தப் பக்கம் முறுக்குவது என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கம் முறுக்கிவிட்டான். விசிறி பின்னோக்கித் தள்ள, விமானம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பையன் அழுதான். அவன் அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

கூடத்தின் நடுவில் பெயிண்ட் வாளியில் சிமெண்ட் ஊற்றி ஒரு மூங்கில் கம்பை நட்டிருக்கிறோம். உச்சியில் ஓர் ஆணி, அதன்மேல் தடையில்லாமல் சுழலும் பேனா மூடி. மூடியிலிருந்து 2 மீட்டர் தூண்டில் நரம்பு போய் விமானத்தின் இடது இறக்கையில் சேரும். ஒரு சுற்று ஏறக்குறைய 12.5 மீட்டர். கட்டாமல் விட்டுப் பார்த்த காலமும் உண்டு. அப்போது பாதி விமானங்கள் ஓட்டுக்கூரையிலும் மீதி பலாமரத்திலும் போய்ச் சேர்ந்தன. நரம்பில் கட்டிவிட்டால் விமானம் இந்தப் பக்கம் சாயுமா, அந்தப் பக்கம் சாயுமா என்ற கவலை பெரும்பாலும் போய்விடும். எடை, விசிறி, ரப்பர் இவற்றைப் பார்த்துக்கொண்டால் போதும்.

போட்டி இரண்டு. 5 சுற்றைக் குறைந்த நேரத்தில் முடிப்பது ஒன்று, அதிகச் சுற்றுப் பறப்பது மற்றொன்று. ஒரே ரப்பரை வைத்துக்கொண்டு இரண்டிலும் ஜெயிப்பது கடினம். நான்கு இழை போட்டால் விசிறி வேகமாகச் சுற்றும், ஆனால் அதிகம் முறுக்க முடியாது, சீக்கிரம் தீர்ந்துவிடும். நீளமான இரண்டு இழை நிறைய முறுக்குத் தாங்கும், நிதானமாகப் பறக்கும். ஆனால் எடை கூடிய விமானத்தை அதனால் தூக்க முடியாது. எதற்கு எத்தனை இழை என்று நாங்கள் சொல்லித் தரவில்லை. ஒரு மாணவி நோட்டில் கோடு போட்டு, எத்தனை முறுக்கு, எத்தனை சுற்று என்று 17 தடவை எழுதி வைத்திருக்கிறாள். கணக்குப் பாடத்தில் அவளை அப்படி எழுதவைக்க எங்களால் முடிந்ததில்லை.

ரப்பரைப் பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டு வந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் நீங்கள். போன வாரம் ஒருவன் வீட்டிலிருந்து ஒட்டுப்பால் (மரத்திலேயே உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) கொண்டுவந்து, இழையாக அறுத்து மாட்டிப் பார்த்தான். நன்றாகத்தான் நீண்டது, ஆனால் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை. கடையில் விற்கும் ரப்பர் பேண்ட் மட்டும் ஏன் திரும்புகிறது என்று கேட்டான். கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வித்தையை அன்றைக்கே அறிவியல் ஆசிரியர் நடத்திவிட்டார், பாடத்திட்டத்தில் அது எங்கே வருகிறது என்று பார்க்காமலே.

விளையாட்டுத்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1871 ஆகஸ்டில், பாரிஸின் துய்லெரி தோட்டத்தில், அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் முறுக்கிய ரப்பரால் பறக்கும் சிறு விமானத்தை விட்டார். 11 வினாடியில் சுமார் 40 மீட்டர் போனது. 1903இல் ரைட் சகோதரர்களின் முதல் பறப்பு 12 வினாடி, சுமார் 37 மீட்டர். அந்தச் சகோதரர்களுக்கும் சிறுவயதில் அப்பா வாங்கி வந்தது ரப்பரால் பறக்கும் பொம்மைதான். அவர் வாங்கித்தான் கொடுத்தார், அது உண்மை. ஆனால் அது உடைந்த பிறகு பிள்ளைகள் தாங்களே செய்துகொண்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பிளேடு பயன்படுத்தும்போது பக்கத்தில் இருங்கள். ரப்பரில் தடவ இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் கொடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதி நைந்துவிடும். நிறைய முறுக்கிய ரப்பர் அறுந்தால் சுளீரென்று அடிக்கும், ஆகவே முறுக்கும்போது முகத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது. பள்ளியில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுப்போம். மூக்கு கனமா, வால் கனமா என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்லாதீர்கள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீழே உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு புதன்கிழமைக்குள் அனுப்பவும். இனி யாரும் ஒட்டுப்பால் கொடுத்தனுப்ப வேண்டாம். ஆய்வகத்தில் போன வார நாற்றமே இன்னும் போகவில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்