பத்து முறை எழுதினால் பிழை போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை நோட்டில் எத்தனை பக்கம் எழுதி வந்தது என்பதை வைத்தே நம் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பலரும் பள்ளியை எடைபோடுகிறார்கள். பக்கம் கூடினால் படிப்பு கூடிவிடும் என்பது தவறு.

இங்கே வீட்டிலும் தெருவிலும் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. 'வாழை' என்று சொல்லச் சொன்னால் பிள்ளை 'வாளை' என்கிறது. வாளை அதற்கு நன்றாகத் தெரிந்த மீன். காதில் விழுந்ததைத்தான் அது எழுதுகிறது, மந்தபுத்தி இல்லை. சிவப்பு மையால் சுழித்து, 'பத்து முறை எழுதி வா' என்றால் கை எழுதிவிடும், நாக்கு பழைய இடத்திலேயே நிற்கும். அடுத்த வாரம் சொல்வதெழுதலில் 'பளம்', 'மளை' என்று பிழை திரும்பி வரும்.

அதனால் வாரத்தை இப்படி நடத்தலாம். திங்கட்கிழமை நோட்டையே எடுக்க வேண்டாம். ழகரத்துக்கு நாக்கு நுனி பின்னால் வளையும், ஆனால் அண்ணத்தைத் தொடாது. ளகரத்துக்கு வளைந்து தொடும். லகரத்துக்கு மேல்பல்லின் பின்புறம் தொடும். ஆசிரியர் சொல்லிக் காட்ட, பிள்ளைகள் படத்தைத் தொட வேண்டும்: மீன் பிடிக்கும் வலை, நண்டு வளை, வாழை, வாளை. ரகர றகரத்துக்குப் பாரை மீனும் கடல் பாறையும் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும். மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் தெரிந்ததும் குழம்பும்.

செவ்வாய்க்கிழமை மணலில் எழுத்து. கடல் மணலை அப்படியே அள்ளிவரக் கூடாது. சிப்பித் துண்டு விரலைக் கிழிக்கும், உப்பு புண்ணில் எரியும். சலித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்து, தட்டில் அரை விரற்கடை கனம் பரப்பினால் போதும். கனம் கூடினால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும்.

புதன்கிழமை சொல்வதெழுதல், ஐந்தே சொல். 'தோணி' எழுதும்போது பலரும் தடுமாறுவது கொம்பில்தான். ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது அல்லவா? முதலில் 'த' அட்டையை வைத்து, இடப்பக்கம் இரட்டைக் கொம்பையும் வலப்பக்கம் காலையும் பிள்ளையே கொண்டுவந்து சேர்க்கட்டும். பென்சில் அதற்குப் பிறகுதான்.

வியாழன் கணக்கு. 'இருபத்தேழு' என்றால் 207 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. இருபதை எழுதி ஏழைச் சேர்க்கிறார்கள். இதற்குச் சோழி உதவாது. எண்ணுவதற்கு நல்லது, ஆனால் பத்தைக் கட்டாகக் கட்ட முடியாதே! ஈர்க்குச்சியைச் சாண் நீளம் நறுக்கிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட வேண்டும். நான்கு பேருக்கு ஒன்பது கட்டும் ஒன்பது உதிரியும் கொடுத்தால் 99 வரை செய்யலாம். இரண்டு கட்டு, ஏழு உதிரி என்று வைத்ததும், 20 அட்டையின் பூஜ்யத்தின் மேல் 7 அட்டையை வைத்து மறைத்துக் காட்டினால் 27 தெரியும். தொண்ணூறுக்குத் தனிக் கவனம் வேண்டும். பெயரில் 'நூறு' ஒலிப்பதால் 100-உடன் குழப்புகிறார்கள். ஒன்பது கட்டை முன்னால் வைத்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

தமிழக அரசு 2022-இல் தொடக்க வகுப்புகளுக்காகத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பார்க்கச் சொல்கிறது. வெள்ளிக்கிழமைதான் அதற்கு உயிர்நாடி. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து மூன்று சொல், இரண்டு எண் கேட்டால், திங்களன்று யாரை எந்தக் குழுவில் உட்காரவைப்பது என்பது தெளிவாகும். படகு கரையேறும் இரவில் வீடே விழித்திருந்து, மறுநாள் தூங்கி வழியும் பிள்ளைக்கு விட்டுப்போன பாடமும் அன்றுதான் பிடிபடும். வெள்ளிக்கிழமை இப்படிக் கேட்கும் ஒரு மணி நேரத்தில் ஆசிரியருக்குப் பதிவேடு, கூட்டம் என்று வேறு வேலை வைக்காமல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரிடம் கேட்பது இரவில் பத்து நிமிடம். நாட்டுப்படகில் எழுதிய பெயர், பஸ் பலகை, அரிசிப் பை என எதையாவது பிள்ளை விரல் வைத்து வாய்விட்டு வாசிக்கட்டும். தவறினால் அதட்டாமல் சரியாக ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
மண்டபம்