அந்தக் கிரிஸ்டலைத் தூக்கி எறிந்துவிடாதே

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு பேக்லைட் கூடு, முகப்பில் மூன்று திருகுகள், அடியில் இரண்டு ஊசிக்கால்கள். சந்தேகமே இல்லை, எஃப்டி-243 தான்; வயர்லெஸ் கருவியின் அதிர்வெண்ணை நிலையாக வைக்கும் பழைய குவார்ட்ஸ் கிரிஸ்டல் வகை. அதன்மேல் உள்ள 7015 என்ற எண் அதன் அதிர்வெண், கிலோசைக்கிள் கணக்கில்; இன்று கிலோஹெர்ட்ஸ் என்கிறோம். கிரிஸ்டல் செத்துவிட்டது, அதற்குப் பதில் அதிர்வெண்ணை மின்சுற்றால் உண்டாக்கும் சின்தசைசர் பலகை போட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு அம்மா. குவார்ட்ஸ் அவ்வளவு சீக்கிரம் சாகாது.

இரண்டாம் உலகப் போரில் இவை அமெரிக்க ராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்காகச் செய்யப்பட்டவை. கல் பிரேசிலிலிருந்து வந்தது. பென்சில்வேனியாவின் கார்லைல் போன்ற ஊர்களில், பெரும்பாலும் பெண்கள், அதை அறுத்துத் தேய்த்துத் தகடாக்கினார்கள். அரை மில்லிமீட்டர்கூட வராத தகடு அது. மெலிய மெலிய அதிர்வெண் ஏறும் என்பதால் கடைசித் தேய்ப்பு முழுவதும் கைப்பக்குவம்தான். ஆனால் நன்றாக இருந்த கிரிஸ்டல்கள் கிடங்கில் சும்மா கிடந்தபடியே அதிர்வெண் மாறின, சில அடியோடு அடங்கிப்போயின. தேய்ப்புப்பொடி தகட்டின் மேற்பரப்பை நொறுக்கி வைத்திருந்ததுதான் காரணம். ஈரம் பட்டு அந்த நொறுங்கல் மெல்ல உதிர்ந்தது. நொறுங்கிய படலத்தை அமிலத்தால் அரித்து நீக்கிய பிறகே உற்பத்தி நிலைப்பட்டது. உன்னுடையது அதற்கு முந்தையதாக இருக்கலாம். அப்படியென்றால் அதற்குத் தேவை ஒரு குளியல்தான்.

முதலில், நன்றாக ஓடும் வேறொரு கிரிஸ்டலை அதே சாக்கெட்டில் செருகிப் பார். அதுவும் பேசாவிட்டால் கோளாறு சுற்றில்தான். பேசினால் மட்டும் கூட்டைத் திற. சுருள்வில், உலோகத் தகடு, குவார்ட்ஸ், இன்னொரு தகடு என்று அடுக்கி இருக்கும். எடுக்கும் வரிசையில் படம் எடுத்து வை. உலோகத் தகடுகளின் நான்கு மூலைகளும் சற்றே மேடாக இருப்பதைக் கவனி. குவார்ட்ஸை மூலையில் மட்டும் பிடித்து நடுப்பகுதியை அதிர விடுவதற்கான ஏற்பாடு அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.

குவார்ட்ஸையும் இரண்டு உலோகத் தகடுகளையும் சோப்பு போட்ட வெதுவெதுப்பான நீரில், மென்மையான பழைய பல்துலக்கியால் கழுவு. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி நன்றாக உலர விடு. அதன்பின் குவார்ட்ஸின் பரப்பை விரலால் தொடாதே, ஓரத்தை மட்டும் இடுக்கியால் பிடி. விரலின் எண்ணெய்ப்பசையே அதிர்வை மந்தமாக்கப் போதும்.

இரண்டு வேலைகளை மட்டும் செய்யாதே. பொடி போட்டுத் தேய்க்காதே. ஏறிய அதிர்வெண்ணைத் தேய்த்து இறக்க முடியாது. குவார்ட்ஸை அரிக்கப் பழைய ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், சொல்லும் அம்மோனியம் பைஃப்ளூரைடு பக்கமே போகாதே. அது தோலைக் கடந்து எலும்புவரை போகக்கூடிய விஷம். இதில் உன்னிடம் எனக்குப் பேரமே கிடையாது.

ஓடத் தொடங்கியதும் அதிர்வெண்ணை அளந்து எழுது. ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் கூடியிருந்தால் கவலைப்படாதே, அமெச்சூர் அலைவரிசைக்குள்தான் இருக்கும். அப்படியும் எழவில்லை என்றால் பஞ்சு சுற்றி எனக்கு அனுப்பு. சின்தசைசர் பலகையை அதுவரை வாங்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா