மிக்ஸி பில்லுல 2011, அதுக்கு கீழ ஜிஎஸ்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திங்கள்சந்தை பக்கத்துல 18 வருஷமா கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணிட்டு இருக்கேன். உங்க பேப்பரை சாயாக்கடையில ஓசியில படிக்கிற ஆளு, லெட்டர் எழுதறது இதுதான் முதல் தடவை, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கிடுங்க.

போன மாசம் எங்க தெருவுல உள்ள ஒரு அக்கா ஒரு பில்லை தூக்கிட்டு கடைக்கு வந்தாவ. மிக்ஸி வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது, மோட்டார் புகைஞ்சு போச்சு, சர்வீஸ் சென்டருக்கு கொண்டு போனா வாரண்டி கிடையாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம், ஏன்னு பாத்தா பில்லுல தேதி 01-01-2011னு அடிச்சிருக்கு. "தம்பி, அன்னைக்கு நான் இந்த வீட்டுக்கு கல்யாணம் ஆகியே வரல்ல, இது என்ன கூத்துன்னு பாரு"ன்னாவ. வாங்கி பாத்தேன், எனக்கு சிரிப்பு வந்துட்டு. தேதி 2011, அதுக்கு நாலு வரி கீழ சிஜிஎஸ்டி 9 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம். ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலை 1ந்தேதிதானே. பில் போட்ட பையனும் பாக்கல்ல, சீல் வச்ச ஆளும் பாக்கல்ல, சர்வீஸ் சென்டர்காரங்க மட்டும் தேதியை பாத்தாங்க, ஜிஎஸ்டியை பாக்கல்ல.

கடை எதுன்னு எழுதல்ல, எனக்கு தெரிஞ்ச அண்ணாச்சிதான், நல்ல மனுஷன். அன்னைக்கு சாயங்காலமே போய் அந்த சிஸ்டத்தை பாத்தேன். திரையில கீழ வலது மூலையில தேதி 2011ல நிக்குது, எட்டு மாசமா யாரும் கண்டுக்கல்ல. கேபினட்டை கழட்டி போர்டுல இருக்கிற வட்ட பேட்டரியை, சிஆர்2032ன்னு சொல்லுவோம்லா, அதை மீட்டர்ல வச்சா 1 வோல்ட்டுக்கு கொஞ்சம் மேல. 3 வோல்ட் காட்டணும். கம்ப்யூட்டர் ஆஃப் ஆன பிறவு நேரத்தை ஞாபகம் வச்சுக்கிறது இந்த பேட்டரிதான். நம்ம மாவட்டத்துல ரெண்டு மழையும் உண்டு, இடிமின்னலுக்கு பயந்து ராத்திரி கடை அடைக்கும்போ பிளக்கை உருவி போடுவோம், அது தப்பில்ல, ஆனா பிளக்கு கரண்டுல இருந்தா அந்த வேலையை பவர் சப்ளை பாத்துக்கிடும், உருவிட்டா முழு பாரமும் பேட்டரி தலையில, அதனால சீக்கிரம் தீரும். கடக்கரை ஊர்ல உள்ள கடைன்னா உப்புக்காத்துல பேட்டரி ஹோல்டரே பச்சை பிடிச்சு கிடக்கும், அதையும் ஒரு பழைய பிரஷ் வச்சு தேய்க்கணும்.

சரி பேட்டரி போச்சு, இருக்கட்டும், கடையில இன்டர்நெட் இருக்கு, விண்டோஸ் தானாவே நேரத்தை வாங்கி சரி பண்ணியிருக்கணுமே, ஏன் பண்ணல்லன்னு சர்வீசஸ் டாட் எம்எஸ்சி (விண்டோஸ் பின்னாடி ஓட்டுற சின்ன சின்ன வேலைகளோட லிஸ்ட், ஒவ்வொரு வேலைக்கும் பேரு சர்வீஸ்) திறந்து பாத்தேன். அந்த லிஸ்ட்ல விண்டோஸ் டைம்னு ஒரு சர்வீஸ் உண்டு. அது டிசேபிள்டுன்னு, அதாவது ஓடவே விடாம முடக்கி, கிடக்குது! அண்ணாச்சிட்ட கேட்டா, சிஸ்டம் ஸ்லோன்னு ஒரு பையன் வந்து ஏதோ வீடியோவை பாத்து "தேவையில்லாத சர்வீஸ்" எல்லாம் ஆஃப் பண்ணி குடுத்தானாம், 500 ரூவாயும் வாங்கிட்டு போனானாம்.

இதை பத்தி எழுதத்தான் இந்த லெட்டரே. இந்த வீடியோ லிஸ்ட் வியாதி நம்ம பக்கம் ரொம்ப பரவிக்கிடக்கு. 20 சர்வீஸை வரிசையா ஆஃப் பண்ண சொல்லுவாங்க, அதுல இதுவும் இருக்கும். ஐயா, இந்த சர்வீஸ் எப்பமாவது ஒரு தடவை நெட்ல ஒரு சின்ன கேள்வி கேட்டு பதில் வாங்கிட்டு சும்மா இருக்கிற ஜீவன், விண்டோஸ் 7ல எல்லாம் வாரத்துக்கு ஒரு தடவைதான் கேக்கும். இதை நிறுத்தி சிஸ்டம் ஸ்பீடு ஆகும்னா, சுவர்ல மாட்டின கடிகாரத்தை கழட்டினா வீடு பெருசாகும்னு சொல்ற மாதிரிதான். இன்னொண்ணு, வீட்டு கம்ப்யூட்டர்ல இது மேனுவல்னு இருக்கும், சில நேரம் ஓடாம நிக்கவும் செய்யும், அதை பாத்து பயப்படண்டாம், தேவைப்படும்போ விண்டோஸே எழுப்பிக்கும். டிசேபிள்டுன்னு இருந்தாதான் கேடு. பில் போடுற சிஸ்டம்னா நான் ஆட்டோமேட்டிக்னே வச்சிருவேன்.

அங்க இன்னொரு சிக்கல். சர்வீஸை ஆன் பண்ணியும் தேதி மாறல்ல. புதுசா தொழிலுக்கு வர்ற பையங்க இங்கதான் தலையை சொறிவாங்க. டொமைன்ல, அதாவது ஆபீஸ் மெயின் சர்வருக்கு கீழ, சேராத சாதாரண கம்ப்யூட்டர்ல, வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல இருந்தா விண்டோஸ் டைம் சர்வீஸ் கைவைக்காது, அப்படித்தான் செட் பண்ணி வருது. யாராவது தப்பான நேரத்தை அனுப்பி ஏமாத்தக்கூடாதுன்னு ஒரு பாதுகாப்பு. நம்ம கேஸ்ல வித்தியாசம் மணிக்கணக்கா, வருஷக்கணக்குலா! அதனால முதல்ல பேட்டரி மாத்தி, தேதியையும் மணியையும் கையால ஏறக்குறைய சரியா வச்சு, டைம் சோன் இந்தியா 5.30ன்னு இருக்கான்னு பாத்து, அதுக்கு பிறவு செட்டிங்ஸ்ல டேட் அண்ட் டைம் போய் "சிங்க் நவ்" (நெட் மணியோட இப்பமே ஒத்துக்கோன்னு அர்த்தம்) அமுக்கணும். கமாண்ட் பழக்கம் உள்ளவங்க அட்மினா திறந்து டபிள்யூ32டிஎம் ஸ்லாஷ் ரீசிங்க் போடலாம், அதே வேலைதான். இவ்வளவு பண்ணியும் வரல்லன்னா நெட்வொர்க்ல நேரம் வந்து போற வாசலான யூடிபி 123ங்கிற போர்ட்டை யாராவது அடைச்சு வச்சிருப்பாங்க, காலேஜ், ஆபீஸ் நெட்ல இது நடக்கும்.

நேரம் எப்படி வருதுன்னு அண்ணாச்சி கேட்டாவ, "அவன் சொல்ற மணி இங்க வந்து சேர்றதுக்குள்ள பழசாயிராதா தம்பி"ன்னு. நல்ல கேள்வி. நான் சொன்னது இதுதான்: உங்க வீட்டு கடிகாரத்துல 10.00க்கு கிளம்பி நாகர்கோவில் மணிமேடைக்கு (மணிக்கூண்டுதான்) போறீங்க, அங்க 10.20 காட்டுது, உடனே திரும்பி வீட்டுக்கு வந்தா உங்க கடிகாரத்துல 10.30. போக வர 30 நிமிஷம், அதுல பாதி 15, அப்பம் நீங்க மணிமேடையில நின்னப்போ உங்க கணக்குக்கு 10.15, ஆனா அங்க 10.20, ஆக உங்க கடிகாரம் 5 நிமிஷம் ஸ்லோ. என்டிபிங்கிறது, அதாவது கம்ப்யூட்டர் நெட்ல மணி கேட்டு வாங்குற முறை, கிட்டத்தட்ட இந்த கணக்குதான், அமெரிக்காவுல டேவிட் மில்ஸ்னு ஒரு புரொபசர் உண்டாக்கினது, 1985லயே வெளிவந்தாச்சு, அவரு 2024ல இறந்துட்டாரு. போற வழியில மட்டும் வடசேரியில பிளாக்குல மாட்டி வர்ற வழி காலியா இருந்தா கணக்கு கொஞ்சம் தப்பும், நெட்லயும் அதே கதைதான், அதனாலதான் ஒழுங்கா செட் பண்ணின சிஸ்டம் ஒரு சர்வரை நம்பாம நாலஞ்சு பேர்ட்ட கேக்கும். மணிமேடை 1893ல ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்துல வந்தது, இப்பம் நாட்டுக்கே மணி சொல்றது டெல்லியில இருக்கிற என்பிஎல்ங்கிற தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட அணுக்கடிகாரம். (சூரியனை கேட்டா நம்ம மாவட்டத்துக்கு மணி இன்னும் 20 நிமிஷம் பின்னாடிதான். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வச்சு, நாம 77.5 பக்கத்துல இருக்கோம். அது வேற கதை.)

நேரம் சரியா காட்டணும்னு ஆர்வத்துல சிலபேரு தனியா ஒரு க்ளாக் சாப்ட்வேரும் இறக்கி போடுவாங்க, அதுவும் தட்கல் போடுறவங்க. விண்டோஸ் ஒருபக்கம் திருத்தும், அது ஒருபக்கம் திருத்தும், நொடி முள்ளு முன்னால பின்னால குதிக்கும். ஒரு மிஷினுக்கு ஒரு ஆள் போதும். ஏசிக்கு 10 மணி, மத்ததுக்கு 11 மணின்னு தட்கல் திறக்கிறது ரயில்வே சர்வர் மணிக்குத்தான், உங்க மணிக்கு இல்ல.

லினக்ஸ் சமாச்சாரமும் சொல்லிருதேன், ஏன்னா 2011ல இருந்து கவர்மெண்ட் குடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸ் கூட, அதே மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான பாஸ் லினக்ஸும் போட்டு வந்துச்சு, அது இன்னும் நம்ம வீடுகள்ல கிடக்குது. டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிற ஒரு பிள்ளை அப்படி ஒண்ணை கொண்டு வந்தா, காலைல 10 மணிக்கு விண்டோஸ்ல 4.30ன்னு காட்டுது, வேற எடத்துல ரெண்டு தடவை பேட்டரி மாத்தி காசு வாங்கியிருக்காங்க. பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு. சரியா ஐந்தரை மணி நேரம் குறைஞ்சாலே புரிஞ்சிரணும்: லினக்ஸ் போர்டுல உள்ள கடிகாரத்துல யூடிசி நேரத்தை (உலகப் பொது நேரம், நம்ம மணிக்கு ஐந்தரை மணி நேரம் பின்னாடி) எழுதி வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு நெனச்சு படிக்கும், ரெண்டு பேருக்கும் உள்ள சண்டை அது. லினக்ஸ்ல டைம்டேட்சிடிஎல்னு ஒரு கமாண்ட் உண்டு, அதை சும்மா அடிச்சாலே நேரம் சிங்க் ஆகுதா, போர்டு கடிகாரம் எந்த நேரத்துல நிக்குதுன்னு எல்லாம் காட்டும், அதுலயே செட்-லோக்கல்-ஆர்டிசி 1ன்னு குடுத்தா சண்டை தீந்துச்சு. அஞ்சு நிமிஷ வேலை. அந்த பிள்ளைட்ட காசு வாங்கல்ல.

தேதி தப்பா இருந்தா பில்லு மட்டும் இல்ல, பிரவுசர்ல பேங்க் சைட்டு, அப்ளிகேஷன் சைட்டு ஒண்ணும் திறக்காது, "உங்க கடிகாரம் பின்னாடி இருக்கு"ன்னு எச்சரிக்கை வரும், கடைசி நாள் அன்னைக்கு பீஸ் கட்ட வந்த பிள்ளைகளை "சர்வர் டவுன், நாளைக்கு வா"ன்னு அனுப்பி விடுறதை என் கண்ணால பாத்திருக்கேன். சர்வர் டவுன் இல்ல, அவங்க மூலையில இருக்கிற மணிதான் டவுன். 2022 ஏப்ரல் 28ந்தேதி மத்திய அரசோட கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டுச்சு, கம்பெனிகளும் அரசு அமைப்புகளும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) இல்லன்னா என்பிஎல் டைம் சர்வரோட சிங்க் ஆகணும்னு. மேல போட்ட உத்தரவு திங்கள்சந்தை, கருங்கல், குலசேகரம்னு இ-சேவை மையம், பில் கவுண்டர் வரைக்கும் இறங்கி வரல்ல. ஆபீஸ்ல, ஸ்கூல்ல சிஸ்டம் பாக்குற சார்மார் மாசத்துல ஒரு தடவை இந்த ஒரு சர்வீஸை எட்டி பாத்தா போதும். உங்க பேப்பர்ல ஒரு ஓரத்துல போட்டீங்கன்னா இன்னும் நாலு பேரு பாப்பாங்க.

அக்காவுக்கு அண்ணாச்சி சரியான தேதி போட்டு, கீழ கையெழுத்தும் வச்சு வேற பில் அடிச்சு குடுத்தாவ. மிக்ஸி ரெடியாகி வந்துட்டு. நேத்து எங்க வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில ஆப்பமாவு வந்துச்சு.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன்,
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்.